தரம் பிரிப்பது யார்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் குறைத்து மதிக்கப்படும் ஆட்டக்காரர்கள்

2025 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேட்டன் நகரில் அலபாமா ஸ்டேட் பல்கலைக்கழகமும் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகமும் மோதின. ஆட்டம் 68-68 என்று சமநிலையில் நின்றபோது எஞ்சியிருந்தவை சில நொடிகளே. அலபாமா ஸ்டேட் வீரர் மைக்கா சிம்ப்சன் ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தை வீசினார். பல கைகளில் பட்டுத் தெறித்த பந்தைப் பற்றிய அமார் நாக்ஸ் அதைக் கூடைக்குள் இட்டார். தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரில் அலபாமா ஸ்டேட் பெற்ற முதல் வெற்றி அது.

இரண்டு நாள் கழித்து அந்த அணி, தொடரின் முதல் தரவரிசை பெற்ற ஆபர்ன் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டு 83-63 என்று தோற்றது. இரு பல்கலைக்கழகங்களும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை. ஆபர்ன் வெள்ளையருக்காக நிறுவப்பட்டது. அலபாமா ஸ்டேட், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1867இல் தாங்களே முன்முயற்சி எடுத்து உருவாக்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1955இல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை ஒரே இரவில் படியெடுத்துப் பரப்பிய ஜோ ஆன் ராபின்சன் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். 1960இல் வெள்ளையருக்கு மட்டுமான உணவகத்தில் அமர்ந்து போராடியதற்காக வெளியேற்றப்பட்ட அக்கல்லூரி மாணவர்கள் தொடுத்த வழக்கின் தீர்ப்பு, பொதுக் கல்லூரியொன்று விசாரணையின்றி மாணவரை நீக்கக் கூடாது என்ற கோட்பாட்டை அமெரிக்கச் சட்டத்தில் நிலைநாட்டியது.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் நெருங்கும்போது அமெரிக்க விளையாட்டு ஊடகங்கள், ‘குறைத்து மதிக்கப்பட்ட, கவனிக்க வேண்டிய ஆட்டக்காரர்கள்’ என்று பட்டியல்கள் வெளியிடுகின்றன. அப்பட்டியல்களில் இடம்பெறுவோர் பெரும்பாலும் திறமைசாலிகளே. ஆனால் ஒரு கேள்வியை அவை எழுப்புவதில்லை. குறைத்து மதிக்கப்பட்டார் எனில், மதித்தது யார்? எந்த அளவுகோலால்? அந்த மதிப்பீட்டால் ஆதாயம் அடைந்தவர் யார்? ‘தகுதி’ என்ற சொல்லைத் தலைமுறைகளாக எதிர்கொண்டுவரும் சமூகத்தினருக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.

மதிப்பீட்டின் எந்திரம்

என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் இத்தொடரில் ஆண்கள் பிரிவில் 68 அணிகள் பங்கேற்கின்றன. அவற்றுள் 31 அணிகள் தத்தம் வட்டார லீக்கில் வென்று நேரடியாக நுழைகின்றன. எஞ்சிய 37 இடங்களை ஒரு தேர்வுக்குழு நிரப்புகிறது. யார் யாருடன் மோதுவது என்பதைத் தீர்மானிக்கும் 1 முதல் 16 வரையிலான தரவரிசையையும் அதே குழுவே வழங்குகிறது.

2018 முதல் இத்தேர்வுக்கு ஒரு கணினிக் குறியீடு அடிப்படையாக இருக்கிறது. யாரை வென்றீர்கள், எங்கே வென்றீர்கள், எதிரணி எவ்வளவு வலிமையானது என்பவற்றை அது கணக்கிடுகிறது. மேற்பார்வைக்கு இதில் பாகுபாடு எதுவும் இல்லை. ஆயினும் வலிமையான அணியை வென்றால்தான் மதிப்பு உயரும். வலிமையான அணியோ சிறிய கல்லூரியின் அரங்கத்துக்கு வந்து ஆடுவதில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சிறிய கல்லூரி அணிகளைத் தம் அரங்கத்துக்கு அழைக்கின்றன. கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றின் விளையாட்டுத் துறைச் செலவு இந்த அழைப்புப் பணத்தை நம்பி நடக்கிறது. எனவே அவ்வணிகள் வாரக்கணக்கில் சொந்த அரங்கத்தைக் காணாமல் பயணம் செய்து, அந்நிய அரங்கங்களில் தோற்றுத் திரும்புகின்றன. அத்தோல்விகள் கணினிக்குள் சென்று தாழ்ந்த தரவரிசையாக வெளிவருகின்றன. வறுமை தோல்வியைத் தருகிறது. தோல்வி தகுதியின்மைக்குச் சான்றாகிறது.

வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளே பெரும்பான்மையாக உள்ள ஸ்வாக், மீயாக் ஆகிய இரு லீக்குகளிலிருந்து வழக்கமாக ஒவ்வோர் அணியே இத்தொடருக்குள் நுழைகிறது. அவ்விரண்டும் பெரும்பாலும் 16ஆம் தரவரிசையில் வைக்கப்படுகின்றன. 2011 முதல் டேட்டனில் நடந்துவரும் முன்சுற்றில், நேரடியாகத் தகுதிபெற்ற அணிகளுள் கடைசி நான்கும் தமக்குள் மோதியாக வேண்டும். தன் லீக்கின் வாகையராக வந்த ஓர் அணி, முதன்மைச் சுற்றின் வாசலில் நின்று மீண்டும் ஒருமுறை தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

தனி ஆட்டக்காரருக்கான மதிப்பீடு இதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. 15, 16 வயதிலேயே சிறுவர்களுக்கு நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. காலணி நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் யார் ஆடுகிறார், யாருடைய கண்ணில் படுகிறார் என்பதே அந்த நட்சத்திரங்களைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தாமதமாக உயரம் வளர்ந்தவர், சிற்றூரில் படித்தவர், பயணச் செலவுக்கு வழியற்றவர் ஆகியோர் அந்தக் கணக்கில் எளிதில் விடுபடுகின்றனர்.

கைல் ஓ’க்வின் அவ்வாறு விடுபட்டவர்களுள் ஒருவர். நியூயார்க்கைச் சேர்ந்த அவருக்கு முதல் பிரிவுக் கல்லூரிகளுள் உதவித்தொகை வழங்க முன்வந்தது நார்போக் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரி மட்டுமே. 2012 தொடரில் 15ஆம் தரவரிசையில் இருந்த நார்போக் ஸ்டேட், 2ஆம் தரவரிசையில் இருந்த மிசௌரியை 86-84 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் ஓ’க்வின் 26 புள்ளிகள் எடுத்தார். 14 மீள்பந்துகளைப் பற்றினார். அதன்பின் எட்டுப் பருவங்கள் என்.பி.ஏ. தொழில்முறை லீக்கில் ஆடினார். நாடெங்குமுள்ள நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் மதிப்பீட்டாளர்கள் காணத் தவறியதை ஒரு கறுப்பினக் கல்லூரி கண்டது. 1997இல் காப்பின் ஸ்டேட்டும் 2001இல் ஹாம்ப்டனும் இதே 15ஆம் தரவரிசையிலிருந்து 2ஆம் தரவரிசை அணிகளை வீழ்த்தியவையே. இம்மூன்றும் கறுப்பினக் கல்லூரிகள்.

தேர்வு மதிப்பெண் என்ற மதில்

இந்த மதிப்பீட்டுமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர், கூடைப்பந்தைக் கண்டறிந்த ஜேம்ஸ் நைஸ்மித்திடம் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர். அப்பல்கலைக்கழகத்தின் அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. பின்னாளில் வட கரோலினாவில் ஒரு கறுப்பினக் கல்லூரியின் பயிற்சியாளரான அவர், 1944 மார்ச்சில், டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணியுடன் பூட்டிய அரங்கத்துக்குள் இரகசியமாக ஓர் ஆட்டம் நடத்தினார். சட்டமும் வழக்கமும் தடைசெய்திருந்த அந்த ஆட்டத்தில் அவருடைய மாணவர்கள் 88-44 என்று வென்றனர். அவ்வெற்றி எந்தத் தரவரிசையிலும் இடம்பெறவில்லை.

1966 இறுதியாட்டத்தில் ஐந்து கறுப்பின வீரர்களைத் தொடக்க அணியாக இறக்கிய டெக்சஸ் வெஸ்டர்ன், வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கியை 72-65 என்று வீழ்த்தியதை விளையாட்டு வரலாற்று நூல்கள் பெருமிதத்துடன் பதிவுசெய்கின்றன. அதற்குப் பிறகு கதவு திறந்துவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. திறந்த கதவில் வேறொரு பூட்டு மாட்டப்பட்டதை அவை அவ்வளவு விரிவாகக் கூறுவதில்லை.

1980களில் என்.சி.ஏ.ஏ., புகுமுக மாணவர்கள் ஆடுவதற்குக் குறைந்தபட்ச நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. 1989 ஜனவரியில், அம்மதிப்பெண்ணை எட்டாதவருக்கு உதவித்தொகையையே மறுக்கும் விதி நிறைவேறியது. ஜார்ஜ்டவுன் அணியின் பயிற்சியாளரும், 1984இல் முதல் பிரிவின் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளருமான ஜான் தாம்ப்சன், இதனை எதிர்த்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கத்தை விட்டு வெளியேறினார். வறிய கறுப்பின மாணவரின் ஒரே வழியை அடைப்பதே இவ்விதியின் விளைவு என்பது அவருடைய நிலைப்பாடு. எதிர்ப்புக்குப் பின் விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் மதிப்பெண் நிபந்தனை அறவே நீங்க 2023 ஜனவரி வரை ஆயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ‘தரத்தைக் காக்கும் மதில்’ என்று போற்றப்பட்ட நிபந்தனை நீக்கப்பட்டபோது எந்தத் தரமும் சரிந்துவிடவில்லை. நுழைவுத்தேர்வையும் தகுதியையும் ஒன்றாகக் காட்டும் வாதத்தை நாள்தோறும் கேட்கும் நம் மாணவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சொல்லால் மறுக்கப்பட்ட கூலி

தரவரிசைக்குப் பின்னால் பெரும் பணம் இருக்கிறது. ஆண்கள் தொடரின் ஒளிபரப்பு உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2016இல் மேலும் 880 கோடி டாலர் சேர்த்து 2032 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்தில் ஆடுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்சியாளர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையர். பயிற்சியாளருக்கு ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் ஊதியம் வழங்கப்பட்ட காலம் முழுவதும், ஆடியவருக்குப் படிப்பு உதவித்தொகைக்கு மேல் எதுவும் கிடையாது.

இதற்கு நியாயம் கற்பித்தது ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொற்சேர்க்கை. 1950களில் ஆடுகளத்தில் அடிபட்டு இறந்த ஒரு கல்லூரிக் கால்பந்து வீரரின் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கோரி நீதிமன்றம் சென்றார். அத்தகைய கோரிக்கைகள் பெருகிவிடும் என்று அஞ்சிய என்.சி.ஏ.ஏ. தலைமை இச்சொல்லை உருவாக்கி எல்லா ஆவணங்களிலும் கட்டாயமாக்கியது. அதன் அன்றைய நிர்வாகத் தலைவர் வால்டர் பையர்ஸ் பின்னாளில் தம் நூலில் இதை ஒப்புக்கொண்டார். உழைப்புக்கு வேறொரு பெயர் சூட்டி உரிமையை மறுக்கும் உத்தி இது. சேவை என்றும் கடமை என்றும் பரம்பரை வழக்கம் என்றும் பெயரிடப்பட்டு மறுக்கப்பட்ட கூலிகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

2014இல் 7ஆம் தரவரிசையிலிருந்து எழுந்து கனெடிகட் அணிக்குப் பட்டம் வென்று தந்தவர் ஷபாஸ் நேப்பியர். தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான அவர், சில இரவுகளில் உணவின்றிப் பசியோடு படுக்கச் செல்வதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். அடுத்த சில நாட்களில் வீரர்களுக்கு வரம்பற்ற உணவு வழங்கலாம் என்று விதி மாற்றப்பட்டது. நாடே பார்க்கும் மேடையில் வாகையர் ஒருவர் பசியைப் பற்றிப் பேசிய பின்னரே அம்மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு விளம்பர வருவாய் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13-2 என்ற வாக்குகளில் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். அரசியல் சூழல் மாறியதால் ஆண்டிறுதியில் அம்மனு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் தலா ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகத் தம் வீரர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். முன்னாள் வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு பத்தாண்டுகளில் வழங்கப்பட வேண்டும்.

இது வெற்றிதான். ஆயினும் அதன் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இழப்பீட்டின் பெரும்பகுதி பெரிய லீக்குகளில் ஆடியவர்களுக்குச் செல்கிறது. அதற்கான தொகையில் ஒரு பகுதியை, முதல் பிரிவின் எல்லா லீக்குகளுக்கும் தான் வழங்கிவந்த பங்குத்தொகையைக் குறைப்பதன் மூலம் என்.சி.ஏ.ஏ. திரட்டுகிறது. அதாவது, கோடிகளை ஈட்டியவர்கள் பட்ட கடனில் ஒரு பங்கை, அந்தக் கோடிகளைக் கண்டிராத சிறிய கல்லூரிகளும் கறுப்பினக் கல்லூரிகளும் அடைக்கின்றன.

பங்குத்தொகை என்பது எவ்வளவு பெரிது? தொடரில் ஓர் அணி கூடுதலாக ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் லீக்குக்கு ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் கிடைக்கிறது. டேட்டனில் கடைசி நொடிகளில் அமார் நாக்ஸ் இட்ட பந்து, ஸ்வாக் லீக்கிலுள்ள எல்லாக் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஈட்டிய தொகை அது. குறைத்து மதிக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை இதைவிடத் துல்லியமாக எப்படிக் கணக்கிடுவது?

வாகையர் அணி சொல்லும் உண்மை

2025 ஆண்கள் தொடரில், கடைசி 16 இடங்களை அடைந்த எல்லா அணிகளும் நான்கு பெரிய லீக்குகளையே சேர்ந்தவை. அரையிறுதிக்கு வந்த நான்கும் முதல் தரவரிசை அணிகள். தரவரிசை சரியாகத்தான் இருக்கிறது, சிறிய கல்லூரிகளின் காலம் முடிந்தது என்று பலர் இதற்குப் பொருள் கூறினர்.

வாகை சூடிய புளோரிடா அணியின் உள்ளே பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. இறுதியாட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என்று வென்ற அவ்வணியின் முதன்மையான மூன்று காவலாட்டக்காரர்களுள் ஒருவரும் பெரிய பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் அல்லர். தொடரின் சிறந்த ஆட்டக்காரரான வால்டர் கிளேட்டன் ஜூனியர், அயோனா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்தும் வந்தனர். மார்ட்டின் 2023இல் தம் பழைய கல்லூரியுடனும் அரையிறுதி கண்டவர். அரையிறுதியில் புளோரிடாவிடம் தோற்ற ஆபர்னின் முதன்மை வீரர் ஜோனி புரூமும் மோர்ஹெட் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் வளர்ந்தவர்தான்.

பெரிய பல்கலைக்கழகங்கள் 17 வயதில் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிறிய கல்லூரிகள் இடம் கொடுத்தன, பயிற்சி கொடுத்தன, தவறு செய்து கற்றுக்கொள்ள ஆடுகளத்தில் நேரம் கொடுத்தன. திறன் கனிந்த பிறகு பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்துடன் வந்தன. 2021 முதல் ஒரு பருவம் காத்திராமல் கல்லூரி மாற விதி இடம் தருவதால், இது இப்போது ஆண்டுதோறும் நடக்கும் இடப்பெயர்ச்சி ஆகிவிட்டது. தரவரிசையின் உச்சியில் உள்ளோர் தம் மதிப்பீடு சரியென்று காட்ட, தாம் தவறாக மதிப்பிட்டவர்களையே விலைக்கு வாங்குகின்றனர்.

இதற்காக இடம்பெயரும் ஆட்டக்காரரைக் குறைகூறுவது அநீதி. பயிற்சியாளர்கள் எப்போதும் தம் விருப்பம்போல் வேலை மாற முடிந்தது. வீரர்கள் மாறினால் ஓராண்டு ஆடாமல் தண்டனை அனுபவிக்க வேண்டியிருந்தது. ஊரை விட்டு நகரம் சென்றவனை நன்றி மறந்தவன் என்று ஏசும் குரல் எந்தத் திண்ணையிலிருந்து எழும் என்பதை நாம் அறிவோம். நகரும் உரிமை உழைப்பவரின் உரிமை. அந்த நகர்வின் ஆதாயத்தில் வளர்த்த கல்லூரிக்குப் பங்கு ஏதும் இல்லை என்பதே சிக்கல். உலகக் கால்பந்தில் இளம் வீரரைப் பயிற்றுவித்த கழகத்துக்கு, அவர் பின்னர் வேறு கழகத்துக்கு விற்கப்படும்போது ஒரு பங்கு வழங்கும் விதி உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

இதன் பின்புலத்தில் பெரிய கொள்ளை ஒன்று இருக்கிறது. 1890இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வெள்ளையருக்கான நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களைப் போலவே கறுப்பினக் கல்லூரிகளுக்கும் நியாயமான நிதி வழங்க மாநிலங்கள் கடமைப்பட்டவை. 1987 முதல் 2020 வரை 16 மாநிலங்கள் தம் கறுப்பின நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு வழங்கத் தவறிய தொகை 1,200 கோடி டாலருக்கும் மேல் என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் இரு துறைச் செயலர்கள் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினர். அலபாமாவில் ஆபர்னோடு ஒப்பிட்டால் அலபாமா ஏ அண்ட் எம் இழந்தது 50 கோடி டாலருக்கும் அதிகம். அரங்கம், உடற்பயிற்சிக்கூடம், மருத்துவர், பயணம் அனைத்தும் இந்த இழப்பிலிருந்து கழிகின்றன. மறுநாள் ஆட்டத்தில் ‘திறன் இடைவெளி’ என்று வர்ணனையாளர் கூறுவது இந்தக் கணக்கின் எச்சத்தைத்தான்.

புகழ் யாருக்கு, காசு யாருக்கு

ஆட்டத்தில் வென்றாலும் அங்கீகாரம் சமமாகப் பகிரப்படுவதில்லை. 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி, 15ஆம் தரவரிசையிலிருந்து கால் இறுதி வரை சென்ற முதல் அணியாயிற்று. அவர்கள் முதலில் வீழ்த்திய கென்டக்கியின் பயிற்சியாளர் ஓராண்டில் பெற்ற ஊதியம், செயின்ட் பீட்டர்ஸ் அணியின் ஓராண்டுச் செலவைவிடப் பல மடங்கு அதிகம். அந்த ஆட்டத்தில் டேரில் பேங்க்ஸ் 27 புள்ளிகள் எடுத்தார். கேசி என்டெஃபோ தற்காப்பின் தூணாக நின்றார். இருவரும் கறுப்பினத்தவர். நாடு தழுவிய முகமானவரோ 20 புள்ளிகள் எடுத்த மீசைக்கார வெள்ளை வீரர் டக் எடர்ட். பெரிய உணவக நிறுவனம் ஒன்றின் விளம்பர ஒப்பந்தமும் அவரைத் தேடி வந்தது. எடர்ட் நன்றாகவே ஆடினார். குறை அவருடையது அன்று. பத்துப் பேர் ஆடிய ஆட்டத்தில் கண் எங்கே சென்று தங்குகிறது என்பதே இங்குள்ள பாடம்.

பெண்கள் பிரிவில் இது மேலும் கூர்மையாகத் தெரிகிறது. 2021இல் ஆண்கள் தொடருக்கு விரிந்த உடற்பயிற்சிக்கூடமும், பெண்கள் தொடருக்குச் சில எடைக்கட்டைகள் கொண்ட ஓர் அடுக்கும் தரப்பட்டதை ஆரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் காணொளியாக வெளியிட்டார். அதன் பின்னரே, தொடரின் புகழ்பெற்ற பெயரைக்கூடப் பெண்கள் பயன்படுத்த முடிந்தது. 2024 பெண்கள் இறுதியாட்டத்தை 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அது அதிகம். ஆயினும் வெற்றிக்கேற்ற பங்குத்தொகை பெண்கள் தொடருக்கு 2025இல்தான் தொடங்கியது.

2023 இறுதியாட்டத்தில் லூசியானா ஸ்டேட் அணி அயோவாவை 102-85 என்று வென்றபோது, அதன் கறுப்பின வீராங்கனை ஏஞ்சல் ரீஸ் எதிரணியின் கெயிட்லின் கிளார்க்கை நோக்கி ஒரு கைச்சைகை காட்டினார். அதே சைகையைக் கிளார்க் முந்தைய ஆட்டமொன்றில் காட்டியபோது அது தன்னம்பிக்கையாகப் பாராட்டப்பட்டது. ரீஸ் காட்டியபோது பண்பின்மை ஆயிற்று. கறுப்பின ஆட்டக்காரரின் திறனை ‘இயற்கையான உடல்வலு’ என்றும், வெள்ளை ஆட்டக்காரரின் திறனை ‘அறிவு, உழைப்பு’ என்றும் பிரித்து வர்ணிக்கும் வழக்கத்தை ஊடக ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சுட்டிவருகின்றனர். சொற்களே ஒரு தரவரிசைதான்.

யாரைக் கவனிப்பது

வருவாய்ப் பகிர்வு நடைமுறைக்கு வந்தபின் நடக்கும் முதல் தொடர் 2026ஆம் ஆண்டினது. இத்தொடரைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம்.

முதலாவதாக, டேட்டன் முன்சுற்றைப் பாருங்கள். பெரும்பாலான ரசிகர்கள் தொடரே தொடங்கவில்லை என்று கருதும் அந்த இரவுகளில்தான் கறுப்பினக் கல்லூரிகள் பலமுறை ஆடுகின்றன. அங்கே ஓர் ஆட்டக்காரர் எடுக்கும் புள்ளிகளுக்கு அப்பால், தன்னைவிட உயரமானவரிடமிருந்து மீள்பந்தைப் பறிக்க அவர் எடுக்கும் நிலையைக் கவனியுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வோர் ஆட்டக்காரரும் முதலில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்று தேடிப் பாருங்கள். பெரிய அணியின் சீருடைக்குள் இருக்கும் சிறிய கல்லூரிகளின் உழைப்பு அப்போது புலப்படும்.

மூன்றாவதாக, புள்ளிப் பட்டியலில் ஏறாத வேலையைப் பாருங்கள். எதிரணியின் சிறந்த வீரரை நாற்பது நிமிடமும் நிழலாகத் தொடர்பவர், சக வீரர் தடையின்றி எறியத் தன் உடலைத் தடுப்பாக நிறுத்துபவர், தரையில் விழுந்து பந்தைக் காப்பவர் ஆகியோர் எந்தச் சுருக்கக் காணொளியிலும் வருவதில்லை. ஆனால் அவர்களின்றி ஓர் அணியும் வென்றதில்லை.

நான்காவதாக, பெண்கள் தொடரை ஆண்கள் தொடருக்கு இணையாகப் பாருங்கள். டான் ஸ்டேலி என்ற கறுப்பினப் பயிற்சியாளர் தென் கரோலினாவுக்கு 2017, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்று தந்தார். ஒரே நட்சத்திரத்தைச் சுற்றி அணியைக் கட்டாமல், மாற்று ஆட்டக்காரர்களுக்கும் நிறைய நேரம் பகிர்ந்தளிக்கும் அவருடைய முறை தனியே ஆராயத்தக்கது.

நமக்கு இதில் என்ன

கறுப்பின மக்களின் போராட்டமும் தலித் மக்களின் போராட்டமும் ஒன்றையொன்று அறிந்தே நடந்தவை. 1946இல் அம்பேத்கர், டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. அவையில் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972இல் தலித் பேந்தர்கள் தம் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டனர். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்க்கத் தலித் மாணவர்கள் போராடுகின்றனர். 2022இல் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பு அதை ஏற்றது.

விளையாட்டுத் தளத்திலும் இந்த ஒப்புமை உண்டு. பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். தீண்டாமை அவருடைய பந்துவீச்சைப் பயன்படுத்திக்கொண்டது. இந்துக்கள் அணியின் தலைமையை இறுதிவரை அவருக்குத் தரவில்லை. அவருடைய தம்பி விட்டல் அத்தலைமையை அடைய 1923 வரை ஆயிற்று. திறனை ஏற்று அதிகாரத்தை மறுப்பது இரு நாடுகளுக்கும் பொதுவான உத்தி.

எனவே அமெரிக்கத் தொடரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வியப்பூட்டும் வெற்றிகளின் பட்டியலை மட்டும் அன்று. ‘எதிர்பாராத வெற்றி’ என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் அங்குள்ள கறுப்பினக் கல்லூரிகள் எதிர்பார்த்தே உழைத்தன. எதிர்பாராதவர்கள் தரம் பிரித்தவர்களே. நம் பல்கலைக்கழக அணித் தேர்வுகளிலும் மாவட்ட, மாநிலத் தேர்வுக்குழுக்களிலும் அமர்ந்திருப்போர் யார், விடுதிக் கட்டணமும் காலணியும் யாருக்குக் கிடைக்கின்றன, முகாமுக்கு அழைக்கப்பட்டோரின் பட்டியல் எங்கே வெளியிடப்படுகிறது என்று கேட்பது மாணவர் அமைப்புகள் உடனே தொடங்கக்கூடிய வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பயன்படும். தேர்வானோர் பட்டியலோடு தேர்வு செய்தோர் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.